நாய்ஸ் ஃப்ளோர் சமமாக இருந்தால் போதாது: எஸ்.டி.ஆர். டெசிமேஷன் ஃபில்டரை அளந்து பாருங்கள்

சென்னையில் ஓர் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். டாங்கிளை (கணினியை ரேடியோவாக்கும் யு.எஸ்.பி. ரிசீவர்) கணினியில் செருகி, சாம்பிள் ரேட்டை 2.4 எம்.எஸ்.பி.எஸ். (நொடிக்கு 24 லட்சம் சாம்பிள்) என்று வைத்து, மைய அலைவரிசையை 100.0 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். திரையில் தெரிவது 98.8 முதல் 101.2 வரை. ஆகாசவாணியின் எஃப்.எம். ரெயின்போ ஒலிபரப்பாவது 101.4-இல், அதாவது திரைக்கு வெளியே. ஆனாலும் 99.0-இல் கர்சரை வைத்துப் பாருங்கள். ஆன்டெனா நல்ல இடத்தில் இருந்தால், அதே பாட்டு அங்கேயும் கேட்கக்கூடும். 99.0-இல் எந்த டிரான்ஸ்மிட்டரும் அதை அனுப்பவில்லை. 101.4-இலிருந்து சாம்பிள் ரேட்டான 2.4-ஐக் கழித்தால் வருவது 99.0. டாங்கிளுக்குள் இருக்கும் டெசிமேஷன் ஃபில்டர் (சாம்பிள் எண்ணிக்கையைக் குறைக்கும் முன் திரைக்கு வெளியிலுள்ள சிக்னல்களை அழிக்கும் வடிகட்டி) வெளியே தள்ளியிருக்க வேண்டிய சிக்னல், தள்ளப்படாமல் உள்ளே மடிந்து வந்திருக்கிறது.

எஃப்.எம். பேண்டில் இது பெரிய இழப்பில்லை. ஆனால் இதே டாங்கிளை வைத்துத்தான் மாணவர்கள் ஸ்பெக்ட்ரம் அளவீடு எடுக்கிறார்கள், எந்த அலைவரிசை காலி, எது நிரம்பியது என்று ப்ராஜெக்ட் அறிக்கை எழுதுகிறார்கள். மடிந்து வந்த சிக்னலை நிஜ சிக்னல் என்று எண்ணினால் அறிக்கை முழுவதும் பிழையாகிவிடும்.

இங்கே பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: “மைய அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்து, போலி சிக்னல் என்றால் இடம் மாறும்” என்பது. ரிசீவரின் ஐ, க்யூ என்ற இரு சிக்னல் பாதைகளின் சமநிலைக் குறைவால் மையத்துக்கு மறுபக்கம் தோன்றும் பிம்பத்துக்கு அது பொருந்தும். மடிப்புக்குப் பொருந்தாது. மையத்தை 100.1-க்கு மாற்றினால் ரெயின்போ மையத்திலிருந்து 1.3 தள்ளி இருக்கிறது, மடிந்தபின் −1.1, திரையில் காட்டும் எண் மறுபடியும் 99.0. எவ்வளவு நகர்த்தினாலும், அசல் சிக்னல் திரைக்குள் நுழையும்வரை போலி அதே எண்ணில்தான் நிற்கும், வலிமை மட்டும் கூடிக் குறையும். சாம்பிள் ரேட்டை மாற்றினால்தான் குட்டு வெளிப்படும். 2.048-க்கு மாற்றுங்கள்: அது 99.352-க்குத் தாவும். சந்தேகமான எந்தச் சிக்னலையும் இரண்டு சாம்பிள் ரேட்டில் பார்க்காமல் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? டாங்கிளில் உள்ள ஆர்.டி.எல்.2832யு சிப்பில் ஏ.டி.சி. (அனலாக் சிக்னலை எண்களாக மாற்றும் பகுதி) ஓடுவது 28.8 மெகாஹெர்ட்ஸில். அதை 2.4-க்குக் குறைக்க, 12 சாம்பிளில் ஒன்றை வைத்துக்கொண்டு 11-ஐ வீச வேண்டும். வீசுவதற்கு முன்னால் ±1.2 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியே இருப்பதையெல்லாம் அழிப்பதுதான் ஃபில்டரின் வேலை. சிப்பில் அதற்கு இருப்பது 28.8-இல் ஓடும் 32 டேப் (பெருக்கும் படி) கொண்ட, எஃப்.ஐ.ஆர். என்ற ஒரே ஒரு சமச்சீர் டிஜிட்டல் ஃபில்டர். வேகத்தோடு ஒப்பிட்டால் 32 டேப் மிகக் குறைவு. செங்குத்தாக வெட்ட அதனால் முடியாது.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. டாங்கிளின் டிரைவரான லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் மூலநிரலில் 16 குணகங்களும் (டேப்களின் பெருக்கல் எண்கள்) வெளிப்படையாக இருக்கின்றன: −54, −36, −41, −40, −32, −14, 14, 53, 101, 156, 215, 273, 327, 372, 404, 421. மீதி 16-ம் இவையே, தலைகீழ் வரிசையில். ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் கொசைன் கூட்டல் போட்டால் விடை வந்துவிடும். மையத்திலிருந்து 0.8 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 0.6 டி.பி. 1.0-இல் 1.5. திரையின் ஓரமான 1.2-இல் சரியாக 3 டி.பி. திரைக்கு வெளியே 1.4-இல் வெறும் 5.3, 1.6-இல் 8.6. அதாவது ரெயின்போ 1.4-இலிருந்து −1.0-க்கு மடியும்போது, அந்த இடத்தில் நிற்கும் நிஜ சிக்னலைவிட இந்த ஃபில்டர் அதைக் குறைப்பது 4 டி.பி.க்கும் கீழே. முன்னால் ட்யூனரின் ஐ.எஃப். (இடைநிலை அலைவரிசை) ஃபில்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் வெட்டும், பின்னால் சாம்பிள் ரேட்டை மாற்றும் ரீசாம்ப்ளரும் உண்டு. ஆகவே உங்கள் கையிலுள்ள டாங்கிளில் முழு எண் என்ன என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். ஆனால் டிஜிட்டல் ஃபில்டரிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

இதில் ஆபத்தான இடம் இனிமேல்தான். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நாய்ஸ் ஃப்ளோரை, அதாவது சிக்னல் இல்லாதபோதும் திரையின் அடியில் தெரியும் இரைச்சல் கோட்டைப் பார்த்து, “ஓரம்வரை சமமாக இருக்கிறது, ஃபில்டர் அருமை” என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். மேலே சொன்ன எண்களைப் பவர் விகிதமாக மாற்றிக் கூட்டிப் பாருங்கள். 1.0-இல் தப்பி வரும் நாய்ஸ் 0.706 பங்கு. அதே இடத்துக்கு 1.4-இலிருந்து மடிந்து வருவது 0.296 பங்கு. கூட்டினால் 1.002. ஓரத்தில் 0.5-உம் 0.5-உம் சேர்ந்து 1. ஃபில்டர் எவ்வளவு குறைக்கிறதோ அவ்வளவையும் மடிப்பு திருப்பிக் கொடுத்துவிடுகிறது! கோடு சமமாகத் தெரிவதற்குக் காரணமே மடிப்புதான். நாய்ஸை வைத்து ஃபில்டரின் வடிவத்தை அளக்கவே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

விலை உயர்ந்த பெட்டி வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கவும் வேண்டாம். யு.எஸ்.ஆர்.பி. என்210 என்ற எஸ்.டி.ஆர். பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.டி.சி. 100 எம்.எஸ்.பி.எஸ். உள்ளே எஃப்.பி.ஜி.ஏ. என்ற நிரலாக்கக்கூடிய சிப்பில் முதலில் ஒரு சி.ஐ.சி. ஃபில்டர், பிறகு சாம்பிள் ரேட்டைப் பாதியாக்கும் இரண்டு ஹாஃப்பேண்ட் ஃபில்டர்கள். சி.ஐ.சி.யை 1981-இல் ஹோகனாவர் முன்வைத்தார். பெருக்கல் எதுவும் இல்லாமல் கூட்டல், கழித்தல் மட்டுமே கொண்டது என்பதால் சிப்பில் மலிவு. விலையாக நாம் கொடுப்பது அதன் வடிவம்: மையத்திலிருந்தே சரியத் தொடங்கும், தோள்பட்டையே கிடையாது. அந்தச் சரிவைச் சமாளிக்கத்தான் ஹாஃப்பேண்ட் பின்னால் நிற்கிறது, சி.ஐ.சி.யின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரத்தை வெட்டிவிடும்.

ஆனால் ஹாஃப்பேண்டால் 2-ஆல் மட்டுமே குறைக்க முடியும். நீங்கள் 20 எம்.எஸ்.பி.எஸ். கேட்டால் 100-ஐ 5-ஆல் வகுக்க வேண்டும், 5 ஒற்றைப்படை, இரண்டு ஹாஃப்பேண்டும் விலகிக்கொள்ளும், 4 கட்ட சி.ஐ.சி. மட்டுமே மிஞ்சும். அப்போது ±5 மெகாஹெர்ட்ஸில் இழப்பு 3.5 டி.பி., ±8-இல் 9.3, ஓரமான ±10-இல் 15.1. இந்தப் பெட்டியின் யு.எச்.டி. டிரைவர் இதற்கென்றே ஓர் எச்சரிக்கையை டெர்மினலில் அச்சிடுகிறது: டெசிமேஷன் ஒற்றைப்படை, சி.ஐ.சி. சரிவை எதிர்பாருங்கள் என்று. ஓடும் வரிகளுக்கிடையே அதை யாரும் படிப்பதில்லை.

20 எம்.எஸ்.பி.எஸ். என்பது யாரும் கேட்காத எண்ணும் அல்ல. வைஃபை சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்பதால் பலரும் முதலில் தட்டுவதே அதைத்தான். 802.11ஏ, ஜி வைஃபை வகைகளில் கடைசி சப்கேரியர் (சேனலுக்குள் தரவு சுமக்கும் சிறு அலைகளில் ஒன்று) மையத்திலிருந்து 8.125 மெகாஹெர்ட்ஸ் தள்ளி நிற்கிறது. அங்கே இழப்பு 9.6 டி.பி. ரிசீவரின் ஈக்வலைசர் (இத்தகைய ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் பகுதி) இதைத் தூக்கி நிறுத்திவிடும், கான்ஸ்டலேஷனும் (பெற்ற தரவைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) ஓரளவு சுத்தமாகவே தெரியும். எனவே பிழை இருப்பதே தெரியாது. பக்கத்துச் சேனல் நிரம்பி வழியும்போதுதான் பாக்கெட்டுகள் விழ ஆரம்பிக்கும். ஏனென்றால் 11.875-இல் இருப்பது மறுபக்கத்துக் கடைசி சப்கேரியரின் மேல் மடிகிறது. நம் சிக்னலோடு ஒப்பிட்டால் அதற்குக் கிடைக்கும் தடை 13 டி.பி.கூட இல்லை. ஈக்வலைசரோ, சி.ஐ.சி. ஈடுகட்டும் எஃப்.ஐ.ஆரோ இதற்கு மருந்தல்ல. ஒரே இடத்தில் மடிந்து விழுந்த இரண்டையும் அவை சேர்த்தே தூக்கும்.

தீர்வு எளிது. 25 எம்.எஸ்.பி.எஸ். கேளுங்கள். 4-ஆல் வகுபடுவதால் இரண்டு ஹாஃப்பேண்டும் வேலைசெய்யும், சி.ஐ.சி. தேவைப்படாது. கணினிக்கு வந்தபின் 4/5 ரீசாம்ப்ளர் போட்டு 20-க்குக் கொண்டுவாருங்கள். குறுகிய சிக்னலுக்கு 12.5 கேட்டாலும் பரவாயில்லை: சி.ஐ.சி. 2-ஆல் மட்டும் குறைக்கிறது, ஓரத்தில் அதன் சரிவு 0.7 டி.பி. தான். எப்படியானாலும் ஹாஃப்பேண்ட் தன் ஓரத்தில் 6 டி.பி. இழக்கும்; அது அதன் இயல்பு. அதனால் சாம்பிள் ரேட்டில் 80 சதவீதத்துக்கு மேல் நம்ப வேண்டாம் என்பதைப் பொது விதியாக வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புளூட்டோ என்ற எஸ்.டி.ஆரில் உள்ள ஏ.டி.9363 சிப்பில் ஹாஃப்பேண்ட் வரிசையின் கடைசிப் படிக்கு 15 டேப்தான். அதன் பின்னால் நிற்கும் 128 டேப் எஃப்.ஐ.ஆரை நாம்தான் ஏற்ற வேண்டும். 2.083 எம்.எஸ்.பி.எஸ்.க்குக் கீழே போக எஃப்.ஐ.ஆர். கட்டாயம், மேலே அது விருப்பம் என்பதால் பலர் ஏற்றாமலே விடுகிறார்கள், ஓரத்தில் மடிப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆர்.எஃப். பேண்ட்விட்த் என்ற தனி அமைப்பையும் மறக்காதீர்கள், அது அனலாக் ஃபில்டர். ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற எஸ்.டி.ஆரில் 8 எம்.எஸ்.பி.எஸ்.க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது: அனலாக் ஃபில்டரின் மிகக் குறுகிய அகலம் 1.75 மெகாஹெர்ட்ஸ், ஏ.டி.சி.யும் 8-க்குக் கீழே உத்தரவாதம் தரப்பட்டதல்ல. 8-இல் எடுத்து, கணினியில் குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளக்கும் முறை. டைனிஎஸ்ஏ போன்ற கையடக்கக் கருவியின் ஜெனரேட்டர் வெளியீடு போதும்; ஒற்றை அலைவரிசையில் நிறுத்திய நானோவிஎன்ஏ-வும் ஆகும். இடையில் குறைந்தது 40 டி.பி. அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சாதனம்) போடுங்கள், இல்லையென்றால் முன்பகுதி திணறி, அளப்பது ஃபில்டரை அல்ல, சிதைவை என்றாகிவிடும். ஏ.ஜி.சி.யை (தானியங்கி கெயின் கட்டுப்பாடு) அணைத்து கெயினை ஓர் எண்ணில் நிறுத்துங்கள். உச்ச அளவிலிருந்து 20 டி.பி. கீழே டோன் (ஜெனரேட்டரின் ஒற்றை அலைவரிசைச் சிக்னல்) நிற்கும்படி சரிசெய்யுங்கள்.

ஸ்பெக்ட்ரத்தை வரையும் எஃப்.எஃப்.டி. கணக்கின் விண்டோ அமைப்பை ஃப்ளாட்-டாப்புக்கு மாற்றுங்கள். இதைத் தவறவிட்டால் அளவீடே வீண். ஹான் விண்டோவில், டோன் இரண்டு பின்களுக்கு (எஃப்.எஃப்.டி.யின் அலைவரிசைக் கட்டங்கள்) நடுவே விழுந்தால் உயரம் 1.4 டி.பி. வரை குறைத்துக் காட்டும். நாம் தேடும் சரிவே சில இடங்களில் அதைவிடச் சிறியது.

மையம் 100.0, ரேட் 2.4 என்றால் டோனை 100.1-இல் தொடங்குங்கள்; நட்டநடுவே ரிசீவரே உண்டாக்கும் டி.சி. முள் இருக்கும், அங்கே வேண்டாம். 100 கிலோஹெர்ட்ஸாக ஏற்றி 101.2 வரை உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான அளவீடுகள் வீணாவது இங்கேதான். 101.3, 101.4 என்று 102.3 வரை தொடருங்கள். டோன் வலப்பக்கம் மறைந்து இடப்பக்கம் முளைக்கும். அந்தப் போலியின் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள், ட்யூனர் ஃபில்டரால் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது. பிறகு ஒவ்வோர் இடத்திலும் நிஜ டோனின் உயரத்திலிருந்து போலியின் உயரத்தைக் கழியுங்கள். வருவதுதான் அந்த இடத்தின் மடிப்புத் தடை. உங்கள் வேலைக்கு 50 டி.பி. வேண்டுமென்றால், எந்த இடம்வரை 50 கிடைக்கிறதோ அதுவரைதான் உங்கள் பேண்ட்விட்த்.

கணினியில் குறைக்கும்போது அதே தவறை நாமே செய்யாமல் இருக்க வேண்டும். ஜி.என்.யு. ரேடியோ என்ற எஸ்.டி.ஆர். மென்பொருளில் “இத்தனையில் ஒன்றை வைத்துக்கொள்” என்ற பிளாக்கை நேரடியாகப் போட்டு டெசிமேஷன் முடிந்தது என்று எண்ணுவது அடிக்கடி காணும் பிழை. அதில் ஃபில்டரே இல்லை. 8-இல் ஒன்று என்றால் எட்டுத் துண்டு நாய்ஸும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, தரை 9 டி.பி. உயரும். டெசிமேட்டிங் எஃப்.ஐ.ஆர். பிளாக்கைப் பயன்படுத்துங்கள்.

டேப் எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: வேண்டிய தடையை 22-ஆல் வகுத்து, வரும் விடையைச் சரிவுப் பகுதியின் அகலத்துக்கும் உள்வரும் சாம்பிள் ரேட்டுக்கும் உள்ள விகிதத்தால் மறுபடி வகுக்க வேண்டும். ஓர் எஃப்.எம். நிலையத்துக்காக 2.4 எம்.எஸ்.பி.எஸ்.ஸிலிருந்து 300 கே.எஸ்.பி.எஸ்.க்கு இறங்குகிறோம், ±100 கிலோஹெர்ட்ஸ் சுத்தமாக வேண்டும் என்று வையுங்கள். தடை 150-இலேயே தொடங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் 70 டி.பி.க்கு 153 டேப் ஆகும். உண்மையில் 200-இல் தொடங்கினால் போதும். 200-இல் இருப்பது −100-இல் மடியும், 150-க்கும் 200-க்கும் இடையில் உள்ளது நமக்கு வேண்டாத ஓரத்தில் விழும். 77 டேப்பில் வேலை முடிகிறது, ராஸ்பெர்ரி பை-க்கும் பாதி சுமைதான். அந்த ஓரத்தில் குப்பை இருக்கும் என்பதால், அதன்பின் வரும் டீமாடுலேட்டருக்கு முன் ±100-இல் இன்னொரு சேனல் ஃபில்டர் வையுங்கள்.

அளந்து முடித்தபின், சாம்பிள் ரேட், மடிப்புத் தடை 50 டி.பி. கிடைக்கும் அகலம் என்ற இரண்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவையுங்கள். டிரைவரையோ ஃபர்ம்வேரையோ புதுப்பித்தால் சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி அளவெடுங்கள். குணகங்கள் மென்பொருளோடு மாறக்கூடியவை.