மறுபடி ஓட மனம் வராதபோது ரத்தத்தில் என்ன நடக்கிறது?

மாரத்தான் ஓடி முடித்த கையோடு பயிற்சியை நிறுத்திவிட்ட ஒரு வாசகர் எழுதியிருந்தார். சில மாதம் கழித்து மறுபடி தொடங்கினாராம். மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது, மறுநாள் ஷூவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "என் மனஉறுதி எங்கே போனது?" என்று கேட்கிறார்.

மனஉறுதியை விடுங்கள். பயிற்சியை நிறுத்தியதும் முதலில் போவது தண்ணீர்.

1984-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் காய்ல் குழுவினர் பல ஆண்டு பயிற்சி பெற்ற 7 பேரை 84 நாள் சும்மா இருக்கவைத்து அளந்தார்கள். உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு முதல் 21 நாளில் 7% சரிந்தது. 56 நாளுக்குள் 16% குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது. தசைகளில் பயிற்சியால் பெருகியிருந்த நுண் ரத்தக்குழாய்களோ அப்படியே இருந்தன. அப்படியானால் அந்த முதல் சரிவு எங்கிருந்து வந்தது? இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தம் குறைந்ததால்தான்.

1986-இல் அதே காய்ல் செய்த அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இரண்டு முதல் நான்கு வாரம் ஓய்விலிருந்த வீரர்களுக்கு ரத்தத்தின் கொள்ளளவு 9% குறைந்திருந்தது. ரத்தக்குழாய் வழியே, ரத்தத்தின் கொள்ளளவைக் கூட்டும் டெக்ஸ்ட்ரான் திரவம் ஏற்றி அந்தக் குறையை நிரப்பினார்கள். ஒரு அடிகூட ஓடாமலே, இதயத்தின் ஒரு துடிப்புக்கான வெளியேற்றம் கிட்டத்தட்ட பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது!

ஓடும்போது உடல் சூடாகி வியர்க்கிறது. உடனே ஆல்டோஸ்டிரோன், வாசோபிரெசின் ஹார்மோன்கள் சிறுநீரகத்தைப் பிடித்து, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் தடுக்கின்றன. தடுத்த நீர் ரத்தக்குழாய்க்குள் தங்கவேண்டுமே, அதற்குத்தான் அல்புமின். பயிற்சிக்குப் பின் இந்தப் புரதம் ரத்தத்தில் கூடுகிறது, ஒரு கிராம் சுமார் 18 மில்லி நீரை இழுத்துவைத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகள் நிறைகின்றன, இரண்டு துடிப்புக்கு இடையில் இதயம் இன்னும் நன்றாக நிரம்புகிறது. நிரம்பினால் இதயச் சுவர் விரியும். விரிந்த தசை முன்பைவிட வலுவாகச் சுருங்கும். பிராங்க்-ஸ்டார்லிங் விதி என்று இதற்குப் பெயர். துடிப்புக்குத் துடிப்பு அதிக ரத்தம் போவதால் குறைந்த துடிப்பே போதும். பயிற்சியை நிறுத்தினால், தேவையில்லாத இந்தக் கூடுதல் நீரை உடல் சில நாளிலேயே கழிக்கத் தொடங்கிவிடும். அப்புறம் பழைய வேகத்துக்கே இதயம் படபடவென்று அடிக்கும்.

இங்கேதான் மனம் வருகிறது. ஸ்வீடனின் குன்னார் போர்க், 'எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது' என்பதை அளக்க 6-இல் தொடங்கி 20-இல் முடியும் ஓர் அளவுகோல் வகுத்தார். ஏன் 6? பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நாடித்துடிப்பு வரும். உணரும் சிரமமும் துடிப்பும் அவ்வளவு ஒட்டிப் போகின்றன. மூளையோ கறாரான வியாபாரி, சிரமத்தை விலையாகப் பார்க்கிறது. எலிகளுக்கு, முயற்சி எடுக்கத் தூண்டும் மூளை வேதிப்பொருளான டோபமைனைக் குறைத்தபோது, பக்கத்தில் இருக்கும் உணவை அவை சாப்பிட்டன, ஆனால் கூடுதல் உணவுக்காகத் தடுப்பு ஏறவேண்டும் என்றால் பின்வாங்கின. ஆசை அப்படியே இருந்தது, விலை கொடுக்கத்தான் தயாராக இல்லை. அந்த வாசகருக்கும் ஓட்டத்தின் மேல் ஆசை இருக்கிறது. அதே வேகத்துக்கு இரண்டு மடங்கு கேட்பதுபோல் இருப்பதால் மூளை கையை விரிக்கிறது.

தலை களைத்திருந்தாலும் இப்படித்தான். ஆய்வாளர் சாமுவேலே மார்கோரா 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்துவிட்டு சைக்கிள் மிதிக்கச் சொன்னபோது, இதயத்தின் செயல்பாட்டில் வித்தியாசம் இல்லாமலே சீக்கிரம் கைவிட்டார்கள். நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டவர் மாலையில் ஓடத் தயங்கினால் சோம்பேறி என்று திட்டுவதில் நியாயமில்லை.

இப்படிப்பட்ட சோதனைகள் பலவும் ஏழெட்டுப் பேரோடு முடிந்துவிடுவது எனக்கு எரிச்சல். உப்புக்கும் தண்ணீருக்கும் காப்புரிமை வாங்க முடியாதே, யார் பணம் போடுவார்கள்? உற்சாகமூட்டும் பேச்சுகளுக்கு மட்டும் கூட்டம் குறைவதில்லை.

சரி, திரும்பி வருமா? வரும், அதுவும் சீக்கிரம். தினமும் இரண்டு மணிநேரம் வீதம் 8 நாள் மிதமாகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு பிளாஸ்மா 12% கூடியதை ஒரு பழைய ஆய்வு காட்டியிருக்கிறது. ஆகவே பந்தயத்துக்கு இப்போதே பெயர் கொடுக்கவேண்டாம். இரண்டு மூன்று வாரம், பேச்சு தடைபடாத வேகத்தில் ஓடிவிட்டு, அப்புறம் முடிவெடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பிளாஸ்மா நாள் கணக்கில் மீளும், தசைநாணும் எலும்பும் மாதக் கணக்கில்தான். மூச்சு சரியாகிவிட்டதே என்று மூன்றாம் வாரத்தில் தூரத்தை இரட்டிப்பாக்குகிறவர்கள்தான் குதிகால் வலியோடு மருத்துவரிடம் போகிறார்கள்.