பந்து வீசும் பையனுக்கு முதுகு வலியா? ஸ்கேனுக்கு முன் இதைச் சொல்லுங்கள்

பதினாறு வயதுப் பையன், வேகப்பந்து வீசுகிறான், சில வாரங்களாகக் கீழ்முதுகில் இடது பக்கம் மட்டும் வலி. அப்பா எக்ஸ்ரே கவரை நீட்டுவார்: "இதுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க டாக்டர், அடுத்த வாரம் செலக்‌ஷன், ஆடலாமா?" ரேடியாலஜிஸ்டாக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. எக்ஸ்ரேயை மட்டும் நம்பி ஆட அனுப்பாதீர்கள் என்பதுதான் என் பதில்.

பந்தை விடும் நேரத்தில் முதுகு பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் சாய்கிறது, கூடவே திரும்பவும் செய்கிறது. வலது கையால் வீசுபவருக்கு இந்தச் சுமை பெரும்பாலும் இடுப்பு முள்ளெலும்பின் இடது பின்புறத்தில், பார்ஸ் என்ற ஒடுங்கலான எலும்புப் பகுதியில் விழும். ஓய்வில்லாமல் வீச வீச, முதலில் எலும்புக்குள் நீர் கோக்கும், அப்புறம் மயிரிழை போல விரிசல் விடும். இதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறோம். 2019-ல் பும்ரா கீழ்முதுகு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரால்தான் ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். 2022 டி20 உலகக் கோப்பையும் முதுகுப் பிரச்சினையாலேயே போனது, 2023-ல் அறுவை சிகிச்சை வரை வந்தது.

நீர் கோத்த கட்டம் எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, விரிசல்கூடப் பல நேரம் தப்பிவிடும். சி.டி. ஸ்கேன் விரிசலைத் துல்லியமாகக் காட்டும், ஆனால் கதிர்வீச்சு உண்டு, வளரும் பிள்ளைக்கு அதை முதலில் எடுக்க எனக்கு மனமில்லை. எம்.ஆர்.ஐ.யில் அந்தத் தொல்லை இல்லை, விரிசலுக்கு முந்தைய நீர்க்கோப்பும் தெரிந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். சீட்டில் "முதுகு வலி" என்று மட்டும் எழுதி வந்தால், பல சென்டர்களில் டிஸ்க்கையும் (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) நரம்பையும் பார்க்கும் வழக்கமான ஸ்கேனை எடுத்து அனுப்பிவிடுவார்கள். பார்ஸில் நீர் கோத்திருப்பதைப் பார்க்க, படத்தில் கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி எடுக்கும் படங்கள் வேண்டும், அதுவும் முதுகெலும்பின் இரண்டு ஓரங்கள் வரை மெல்லிய துண்டுகளாக வேண்டும். "வேகப்பந்து வீச்சாளர், வலது கை, இடது பக்க வலி" என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். விட்டுப்போனால் டெக்னீஷியனிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் "டிஸ்க் பல்ஜ்", அதாவது டிஸ்க் சற்றுப் புடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, பையனின் கிரிக்கெட்டே முடிந்தது என்று அழுத அம்மாக்களும் உண்டு. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 30 சதவீதம் பேரிடம் அது தெரியும் என்று 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அந்த வரியை வைத்து நீங்களாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்றால் பந்து வீச்சுக்குச் சில மாதங்கள் விடுப்புதான், வேறு வழியில்லை. வலி போன உடனே கோச் கூப்பிடுவார், எலும்பு அதற்குள் ஆறியிருக்காது. மறு ஸ்கேனுக்கு வரும்போது பழைய ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, படங்கள் உள்ள குறுந்தகட்டையும் எடுத்து வாருங்கள். நீர்க்கோப்பு எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.