நுப்ராவில் ஆறு ஏன் பிரிந்து பிரிந்து ஓடுகிறது?

லடாக்கின் நுப்ராப் பள்ளத்தாக்குக்குப் போய்வந்த தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "திஸ்கித் மடத்து மேட்டிலிருந்து பார்த்தால் ஷியோக் ஆறு பல ஓடைகளாகச் சிதறிக் கிடக்கிறது. நம் ஊரில் கண்மாய்க்கே கரை போட்டிருக்கிறோம். அங்கேயும் கரை போட்டு ஒரே ஆறாக்கிவிட்டால் என்ன?"

நல்ல கேள்வி. சியாச்சின் பனியாற்றின் நுனியில் பிறக்கும் நுப்ரா ஆறு திஸ்கித் பக்கம் ஷியோக்கில் சேர்கிறது. பனியாறு பாறையைச் சுரண்டி நகரும் என்பது பள்ளியில் படித்ததுதான். சுரண்டியதில் நைந்த தூள் நீரைச் சாம்பல் நிறமாக்குகிறது. சரளையும் கூழாங்கல்லும் அடியில் உருண்டு வருகின்றன.

பள்ளத்தாக்கு அகலும் இடத்தில் நீர் பரவி, ஆழம் குறைகிறது. கல்லை உருட்டும் வலுவும் குறைகிறது. முதலில் நிற்பது பெரிய கல். தேங்காய் அளவுக் கல் ஒன்று நடு ஆற்றில் நின்றுவிட்டது என்று வையுங்கள். அதன் பின்பக்கம் நீர் வேகம் தணிந்திருக்கும். அங்கே சின்னக் கற்கள் தங்கும், அப்புறம் மணல். திட்டு வளர வளர அதன்மேல் ஓடும் நீரின் ஆழம் இன்னும் குறைகிறது, இன்னும் கற்கள் நிற்கின்றன. நடுவில் போக இடமில்லாத நீர் இரு ஓரமும் திரும்பிக் கரையை அரிக்கிறது. கரையும் பழைய சரளைதான். பிடித்து நிறுத்தக் களிமண்ணும் இல்லை, வேரும் குறைவு. கரை சரிந்தால் ஆறு அகலமாகும், அகலமானால் மறுபடி ஆழம் குறையும். சரிந்த கல் கீழே போய் அடுத்த திட்டைத் தொடங்கி வைக்கும். ஆறு தன் வழியைத் தானே அடைத்து, தானே புதுவழி வெட்டிக்கொள்கிறது! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை. அமெரிக்க ஆற்று ஆய்வாளர்கள் லூனா லியோபோல்டும் கார்டன் வோல்மனும் நீண்ட தொட்டியில் மணல் பரப்பி, நீர் விட்டு, நடுத்திட்டு உருவாவதைப் பார்த்து 1957-ல் எழுதினார்கள். வீட்டு வேலைக்குக் கொட்டிய மணலைச் சரிவாகப் பரப்பி, குழாய்த் தண்ணீரை மெல்ல விட்டு நீங்களும் பார்க்கலாம்.

கோடையில் இது தினமும் நடக்கிறது. பகல் வெயிலில் பனி உருகி மாலையில் ஓடை பெருகும், விடியலில் ஒடுங்கும். பாலமில்லாத ஓடைகளை லடாக் ஓட்டுநர்கள் காலையிலேயே கடந்துவிடப் பார்ப்பது இதனால்தான்.

சரி, கரை போட்டால்? தண்ணீர் அடங்கும், சரளை வருவது நிற்காது. கண்மாயில் சேர்வது வண்டல், கோடையில் தூர்வாரிவிடலாம். அங்கே கரைகளுக்கு நடுவே படுகை உயர்ந்துகொண்டே போகும். இமயத்திலிருந்து இறங்கும் கோசி ஆற்றுக்கு 1950களில் கட்டிய கரைகளுக்குள் வண்டல் ஏறி ஏறி, 2008 ஆகஸ்டில் நேபாளத்தின் குசஹாவில் கரை உடைந்தது. பீகாரில் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள்.

வெள்ளத்தில், கலங்கிய நீருக்கடியில் உருளும் கல்லை அளப்பது கடினமான வேலை. பல வருடம் ஆளும் பணமும் வேண்டும். ஆய்வுக்கு அள்ளிக் கொடுத்தவர் நம் பக்கமே உண்டு. 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. இன்று வசதியுள்ளவர்கள் மலையாறு ஒன்றில் பத்து வருடம் சரளை அளக்க ஒரு குழுவுக்குக் கொடுக்கலாம். பாலத்தூணை எங்கே ஊன்றுவது, எந்த ஊரை மேட்டுக்கு மாற்றுவது என்பதையெல்லாம் வெள்ளம் வருவதற்கு முன்பே சொல்ல அந்தக் கணக்குதான் வேண்டும்.