சான்றுசார் வழிகாட்டல்: சொல் விளக்கம்

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளிலோ விடுதிப் பேச்சில் ‘கைட்லைன்’ என்றே வழங்கும் சொல், தமிழில் எழுதப்படும்போது வழிகாட்டி, வழிகாட்டல், நெறிமுறை எனப் பலவாறாக மாறுகின்றது. அச்சொற்கள் ஒரே பொருளைத் தருவன அல்ல.

குறித்த ஒரு நோய்நிலையில் எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்று மருத்துவரும் நோயாளியும் முடிவெடுப்பதற்கு உதவும் விதப்புரைகளின் தொகுப்பே கைட்லைன். அவ்விதப்புரைகள், கிடைக்கக்கூடிய ஆய்வுகளை முறைப்படி தேடித் தரம்பிரித்து, ஒவ்வொரு சிகிச்சையின் நன்மையையும் தீங்கையும் ஒப்பிட்ட பின்னரே எழுதப்படல் வேண்டும். மூத்த நிபுணர்கள் சிலர் கூடியிருந்து தம் அனுபவத்தை எழுதிவைத்தால் மட்டும் அது கைட்லைன் ஆகிவிடாது. ‘எவிடன்ஸ் பேஸ்ட் கைட்லைன்’ என்று, சான்றைக் குறிக்கும் ‘எவிடன்ஸ்’ அடைமொழியாக முன்னே வருவது அதனாலேயே.

ஆங்கிலத்தில் கைட்லைன் என்பது முதலில் வெட்டுவதற்கு முன் பொருளின்மேல் இடும் அடையாளக் கோட்டைக் குறித்தது. எவிடன்ஸ், ‘தெளிவாகக் காணப்படுவது’ என்னும் கருத்துள்ள இலத்தீன் சொல்லின் வழிவந்தது. ‘சான்றை அடிப்படையாகக் கொண்ட மருத்துவம்’ என்ற தொடரை 1991இல் கனடிய மருத்துவர் கோர்டன் கயாட் எழுத்தில் அறிமுகப்படுத்தினார். அதற்கான நிலத்தை 1972இலேயே பிரித்தானிய மருத்துவர் ஆர்ச்சி கொக்ரேன் பண்படுத்தியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டல்களைச் சோதிப்பதற்கெனத் தனிக்குழு அமைத்தது 2007இல்தான் என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

வயல்நிலம் நிறைந்த எமது பகுதிக்கு நன்கு தெரிந்த பாம்புக்கடியைக் கொண்டு இதை விளக்கலாம். விஷமுறி மருந்து ஏற்றும்போது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை எதிர்விளைவு உண்டாகும். அதைத் தடுப்பதற்கு ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் என்னும் ஒவ்வாமை அடக்கும் மருந்துகளை முன்கூட்டியே கொடுப்பது நெடுநாள் வழக்கமாயிருந்தது. இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் 1007 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான எழுமாற்றுப் பரிசோதனை (யாருக்கு எம்மருந்து என்பதைக் குலுக்கல்போலத் தீர்மானித்து ஒப்பிடுவது), தோலின் கீழ் ஏற்றும் சிறிதளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் எதிர்விளைவுகளை 43 வீதத்தால் குறைத்ததையும், மற்றைய இரு மருந்துகளும் பயன்தராததையும், ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தால் அட்ரினலினின் பயன்கூட அற்றுப்போனதையும் காட்டியது. வழக்கத்தைச் சான்று திருத்துவது என்பது இதுவே. பொதுச் சுகாதாரத்திலும் அப்படித்தான்: வயிற்றோட்டமுள்ள பிள்ளைக்கு ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைத் தூளைக் கரைத்துக் கொடுப்பதோடு 10 முதல் 14 நாட்களுக்குத் துத்தநாகமும் கொடுக்கவேண்டும் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கூறியது, பல நாட்டுப் பரிசோதனைகளின் பின்னரே.

இனி எவிடன்ஸுக்குரிய தமிழ்ச் சொல். ‘ஆதாரம்’ என்பது தாங்கி நிற்பது என்னும் பொருளுள்ள வடசொல். தவறான சொல் அன்று. ஆயினும் ‘ஆதார வைத்தியசாலை’ என்பது வைத்தியசாலையின் ஒரு தரத்தைக் குறிக்கும் பெயராக வேரூன்றிவிட்ட கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் ‘ஆதார மருத்துவம்’ என்று எழுதினால், அந்த வைத்தியசாலையில் நடக்கும் மருத்துவம் என்றே பலர் கொள்வர். ‘சாட்சி’ நீதிமன்றத்துக்கு உரியதாகிவிட்டது. ‘சான்று’ என்பதைச் ‘சால்’ என்னும் வினையடியோடு இணைப்பர். நிறைதல், பொருந்துதல் என்பன அதன் பொருள். போதுமான அளவு நிறைந்ததா என்று எடைபோடும் இவ்வேலைக்கு அதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை.

‘நெறிமுறை’ என்பதைப் புரோட்டோகோலுக்கே விட்டுவிடலாம். அது படிப்படியாகப் பின்பற்றவேண்டிய ஒழுங்கு. அமைச்சின் சுற்றுநிருபம் கட்டளையிடுவது. இரண்டினின்றும் வேறாய், தக்க காரணம் இருந்தால் மருத்துவர் விலகிச் செல்வதற்கு இடம் தருவது வழிகாட்டல். ‘வழிகாட்டி’ ஆளையும் கைநூலையும் குறிப்பதால், ‘சான்றுசார் வழிகாட்டல்’ என்பதே என் தெரிவு.

இத்தொகுப்புகளைத் தமிழாக்குவோர் வினைமுற்றிலும் கவனம் வைக்கவேண்டும். சான்றைத் தரம்பிரிக்கப் பரவலாகக் கையாளப்படும் கிரேட் (GRADE) முறையில் சான்றின் நம்பகம் உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என நான்காகவும், விதப்புரை வலுவானது, நிபந்தனைக்குரியது என இரண்டாகவும் வகுக்கப்படுகின்றது. வலுவானதற்குச் ‘செய்தல் வேண்டும்’ என்பது பொருந்தும். நிபந்தனைக்குரியதற்குச் ‘செய்யலாம்’ என்றோ ‘செய்வது பற்றி ஆலோசிக்கலாம்’ என்றோ எழுதுதல் தகும். எல்லாவற்றையும் ‘வேண்டும்’ என்றே முடித்தால், ஆய்வாளர் தயங்கிச் சொன்னது குடும்பநல உத்தியோகத்தரின் கையில் உத்தரவாகிவிடும்.