பாக்காவ் காட்டுக்குப் பின்னால் ஒரு மண்கரை

பினாங்கில் நிபோங் திபால் பக்கம் பாக்காவ் காட்டில், அதாவது கடலோரக் கண்டல் காட்டில், மண் எடுக்கப் போகும்போதெல்லாம், பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து அண்ணன் ஒருவர் "சேத்தை அள்ளி என்ன தம்பி செய்யப் போறீங்க?" என்று கேட்பார். போன தடவை அரை மீட்டர் ஆழத்துக்குக் குழாயைச் செருகி, உருவி, அவரிடமே காட்டினேன். கறுப்பாக, களி மாதிரி, அழுகின முட்டை நாற்றத்தோடு. நடுவே நார்நாராக ஒரு பழைய வேர். மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அந்த வேர் இன்னும் மக்கவில்லை, அதுதான் சங்கதி. தண்ணீரில் ஊறிய சேற்றுக்குள் காற்று போகாது, அதனால் இலையும் வேரும் மக்க நூற்றாண்டுகள்கூட ஆகும், அவற்றின் கார்பனும் அங்கேயே கிடக்கும். இந்தோ-பசிபிக் கண்டல் காடுகளை அளந்து 2011-இல் வந்த ஆய்வில் ஹெக்டருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கு மேல் கார்பன் இருந்தது. மரத்தில் இருந்ததைவிட மண்ணில்தான் அதிகம்.

கடல் ஏறினால் எல்லாம் போச்சு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மெதுவாக ஏறினால் காட்டுக்கு அது தீனி! ஏறிவரும் தண்ணீரிலிருந்து வண்டலை முட்டுவேர்கள் பிடித்து வைக்கும், புது வேர் சேரும், தரையும் கூடவே உயரும், கார்பன் அடுக்கடுக்காகப் புதையும். வேகம் கூடினால்தான் வினை. வருடத்துக்கு 6, 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் கண்டல் ஈடுகொடுக்காது என்கிறது பழைய வண்டல்களை வைத்துப் போட்ட 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. உலகச் சராசரி இப்போதே 4-ஐத் தொட்டுவிட்டது. மரம் செத்தால் அலை சேற்றை அரிக்கும், புதைந்திருந்த கார்பன் கரியமில வாயுவாகக் கிளம்பும்.

சரி, காடு பின்வாங்கலாமே? பின்னால் தோட்டத்து மண்கரை. கரை இல்லாவிட்டால் செம்பனைக்குள் உப்புத்தண்ணி வந்துவிடும், அதுவும் நியாயம்தான். ஆனால் முன்னால் கடல், பின்னால் கரை, காடு எங்கே போகும்? நாமோ பனியன் போட்ட கூட்டத்தைக் கூட்டிவந்து, எந்நேரமும் முங்கிக் கிடக்கும் சேற்றில் நாற்று நட்டுப் படம் பிடிக்கிறோம். சில மாதம் கழித்துப் போனால் குச்சிதான் நிற்கும்.

"அப்ப கரையை எங்க தள்ளச் சொல்றீங்க?" என்றார் அண்ணன். நான் பதில் சொல்வதற்குள் அவரே திரும்பி, கரையோரத்தில் மட்டை மஞ்சளடித்து நின்ற மரங்களைப் பார்த்தார். "அந்தக் கடைசி ரெண்டு நிரை எப்படியும் குலை தள்ளுறதில்ல."