தேயிலையில் ஏறும் மணம், கோப்பையில் இறங்கும் மணம்

சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், மூடி சரியாகப் பொருந்தாத தேயிலை டப்பாவைச் சில வாரங்கள் வைத்திருந்தால், அந்தத் தேயிலையில் போடும் தேநீரிலும் பெருங்காயம் வீசும். மிளகும் குளியல் சோப்பும்கூட இதே வேலையைச் செய்யும். ஆலையில் கடைசிச் சூட்டில் காய்ந்து வெளிவரும் தேயிலையில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான் எஞ்சியிருக்கும். நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்பதால், அந்த இலை சுற்றியுள்ள காற்றிலிருந்து ஈரத்தையும் அதோடு மிதந்துவரும் மண மூலக்கூறுகளையும் இழுத்து வைத்துக்கொள்கிறது. சேமிப்புக் கிடங்கில் தொல்லையாக இருக்கும் இந்தக் குணத்தையே தொழில்நுட்பமாக்கிக்கொண்டதால்தான் மல்லிகைத் தேயிலையும் அதன் உறவினங்களும் உருவாயின.

மணமூட்டிய தேயிலையை வாங்குபவர்கள் பெரும்பாலும் கடையில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தே முடிவெடுக்கிறார்கள். உலர்ந்த இலையிலிருந்து எழும் வாசனை, கோப்பையில் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சாட்சியன்று. மணம் இலைக்குள் எந்த வழியாக ஏறியது என்பதைப் பொறுத்தே அது வெந்நீரில் இறங்கும் விதமும் அமையும். அந்த வழிகளில் மிக நுட்பமானது பூவின் மணத்தை இலைக்கு ஏற்றும் முறை.

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் உள்ள ஃபூச்சோ நகரம் இம்முறைக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள மல்லிகை, தேயிலை வேளாண்மையை உலகின் வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் ஏற்றுக்கொண்டது. இன்று மல்லிகை மிகுதியாக விளைவது தெற்கே குவாங்சி பகுதியின் ஹெங்சோவில். பூ நமக்கு அயலானதன்று. ஜாஸ்மினம் சம்பாக் என்ற தாவரப்பெயர் கொண்ட அதே குண்டுமல்லி. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. காலையில் வாங்கித் தொடுத்த மொட்டுகள் மாலையில் தலையிலேயே மலர்ந்து மணப்பதைப் பார்த்தவர்களுக்கு, இத்தொழிலின் அடிப்படை பாதி தெரிந்ததாகவே கொள்ளலாம். பறித்த பிறகும் மொட்டு சுவாசித்துக்கொண்டிருக்கிறது. மூடிய மொட்டில் மணம் சொற்பம். இதழ் விரியத் தொடங்கும்போதுதான் மண மூலக்கூறுகள் உருவாகிக் காற்றில் கலக்கின்றன, அதுவும் இரவில்.

ஆகவே அன்று இரவு மலரவிருக்கும் முற்றிய மொட்டுகளை வெயில் ஏறிய பிறகு, பிற்பகலில் பறிக்கிறார்கள். தேயிலையோ வசந்த காலத்திலேயே பறித்துப் பதப்படுத்தப்பட்டு, கோடையில் மல்லிகை பூப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கும். மாலையில் மொட்டுகள் வாய் திறக்கத் தொடங்கியதும் அவற்றைப் பச்சைத் தேயிலையோடு (கிரீன் டீ) கலந்து குவியலாக்குவார்கள். பூக்களின் சுவாசத்தால் குவியலின் உட்சூடு ஏறிக்கொண்டே போகும். 45 டிகிரியை நெருங்கினால் பூ வெந்து கெட்டுவிடும் என்பதால், நள்ளிரவில் குவியலைப் பரப்பி ஆற்றிவிட்டு மீண்டும் குவிப்பார்கள். விடியும்போது வாடிய பூக்களைச் சலித்து எடுத்துவிடுவார்கள். பூவின் மணத்தோடு ஈரத்தையும் இலை குடித்திருக்கும் என்பதால் அதை மறுபடியும் உலர்த்தியாக வேண்டும். அந்தச் சூட்டில் இலையின் மேற்பரப்பில் ஒட்டியிருந்த மணம் ஓரளவு பறந்துபோகும். உள்ளே சென்றது நிற்கும். அதனால்தான் உயர்தரத் தேயிலைக்கு இதே சடங்கைப் புதுப் பூக்களைக் கொண்டு ஐந்து, ஆறு இரவுகள்வரை திரும்பச் செய்கிறார்கள். எல்லா இரவுகளிலும் சேர்த்துப் போடும் பூவின் எடை, தேயிலையின் எடையையே தாண்டிவிடும். கடைசிச் சுற்றில் மட்டும் சிறிதளவு பூ போட்டு, பிறகு உலர்த்தாமல் விட்டுவிடுவார்கள். டப்பாவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் புதுமணம் அந்தக் கடைசிச் சுற்றின் கொடை.

மல்லிகை மணத்தில் பென்சைல் அசிட்டேட், லினலூல், மெத்தில் ஆந்த்ரனிலேட் போன்ற பல சேர்மங்கள் கலந்திருக்கின்றன. இவற்றோடு இண்டோல் என்பதும் உண்டு. செறிவாக முகர்ந்தால் அருவருப்பூட்டும் இப்பொருள், மிகச் சிறிய அளவில் இருக்கும்போதுதான் மல்லிகைக்கு அதன் கனமும் மயக்கமும் வருகின்றன. மலிவான செயற்கை மல்லிகை மணம் சோப்பை நினைவூட்டுவதற்கு, இப்படிப்பட்ட அருவருப்பு வாடையை விலக்கிவிட்டு இனிமையை மட்டும் வைத்துக்கொள்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: பொட்டலத்தில் உலர்ந்த மல்லிகைப் பூக்கள் நிறையத் தெரிந்தால் தரம் உயர்ந்தது என்று எண்ணுவது பிழை. அவை மணத்தைக் கொடுத்துத் தீர்ந்துபோன பூக்கள், அழகுக்காகச் சேர்க்கப்படுபவை. வியட்நாமின் ஹனோயில் மேற்கு ஏரித் தாமரையைக் கொண்டு மணமூட்டும் தேயிலை இதைவிடக் கடுமையான உழைப்பைக் கேட்பது. தாமரையின் மகரந்தத் தாள் நுனியில் அரிசிமணி போல் இருக்கும் வெண்ணிறப் பகுதியைக் கையால் பிரித்தெடுத்து இலையோடு அடுக்குகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கள் தேவைப்படுகின்றன.

இரண்டாவது வழி எண்ணெய். எர்ல் கிரே என்ற தேயிலை வகை இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. 1830 முதல் 1834 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சார்லஸ் கிரேயின் பட்டப்பெயரை இது தாங்கியிருந்தாலும், அவருக்கும் இதற்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கதைகளுக்குச் சான்று பலமாக இல்லை. இத்தாலியின் தென்கோடியான கலாப்ரியாவில் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகையின் தோலைப் பிழிந்து எண்ணெய் எடுத்து, சுழலும் உருளைக்குள் தேயிலையைப் புரட்டிக்கொண்டே அதன்மீது தெளிக்கிறார்கள். அவ்வெண்ணெயில் லிமோனீன், லினலைல் அசிட்டேட், லினலூல் ஆகியவை முதன்மையானவை. இவற்றுள் லினலூல் தேயிலையிலேயே இயல்பாக உள்ளது. நீலகிரியிலும் இலங்கை மலைப்பகுதியிலும் விளையும் தேயிலையின் பூமணத்தில் அதற்குப் பெரும் பங்குண்டு. எண்ணெயும் இலையும் ஒரே சுருதியில் நிற்பதற்கு இது காரணம். தெளித்த எண்ணெய் பெரும்பாலும் இலையின் மேற்பரப்பில்தான் தங்குகிறது. ஆகவே அது வெந்நீர் பட்ட கணத்தில் பீறிட்டு எழுகிறது, டப்பா திறந்து கிடந்தால் விரைவில் பறந்தும்போகிறது. லிமோனீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிக்கடித்த வாடையைத் தருவதால், இவ்வகைத் தேயிலையைக் காற்றுப்புகாத, ஒளி ஊடுருவாத டப்பாவில் சிறிது சிறிதாக வாங்கி வைப்பதே நல்லது.

மூன்றாவது வழி, மணப்பொருளையே துண்டுகளாகக் கலந்துவிடுவது. ஏலக்காய், சுக்கு, எலுமிச்சைப்புல், ரோஜா இதழ், உலர்பழம் எல்லாம் இதில் அடங்கும். உலர்பழத் துண்டுகள் மூன்று நிமிட வெந்நீருக்கு ஏறக்குறைய எதையும் தருவதில்லை. பழவாசனை தூக்கலாக வந்தால் அது சேர்த்த மணச்சாறு. ஏலக்காயின் மணம் விதையின் எண்ணெய் அறைகளுக்குள் அடைபட்டிருப்பதால் இடித்தாலன்றி வெளிவராது. சுக்கு கொதிக்க வேண்டும், இலையோ கொதிக்கக் கூடாது. ஆகவே இத்தகைய கலவையைத் தனித்தனியாக வாங்கி, மசாலாவை முதலில் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போடுவதே பகுத்தறிவான வழி.

இனி, இந்த மணத்தை நாம் உணரும் விதத்தைப் பார்ப்போம். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் சுவை) என்ற சில சுவைகள் மட்டுமே தெரியும். மல்லிகையும் பெர்கமாட்டும் அதற்குத் தெரியா. விழுங்கும்போது வாயின் பின்புறம் வழியாக மூக்கின் மேற்பகுதிக்கு ஏறும் காற்றுதான் அவற்றைக் கொண்டுசெல்கிறது. அங்கே மனிதருக்குச் சுமார் 400 வகை மண ஏற்பிகள் செயல்படுகின்றன. இவ்வேற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மூக்கை விரல்களால் இறுக்கிக்கொண்டு மல்லிகைத் தேநீரை ஒரு வாய் குடித்தால் கசப்பும் சூடும் மட்டுமே தெரியும். விழுங்கியபின் விரலை எடுத்து மூக்கு வழியாக மூச்சை விட்டால், பூ திடீரென்று வாய்க்குள் முளைத்ததுபோல் தோன்றும். மூளை அந்த மணத்தை நாக்கின் கணக்கில் எழுதிக்கொள்வதால் அதைச் சுவை என்றே நம்புகிறோம். வனிலா மணமுள்ள தேநீர் சர்க்கரை இல்லாமலே சற்று இனிப்பதும் இத்தகைய பழக்கத்தின் விளைவு. ஏலக்காயைப் பாயசத்தில் பழகிய நம் மூக்குக்கு ஏலக்காய்த் தேநீரும் அப்படித் தோன்றினால் வியப்பில்லை.

துவர்ப்பு இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது உணர்வு. தேயிலையின் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்கள் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு அவற்றின் வழவழப்பைக் குலைக்கின்றன. நாக்கும் கன்னமும் உரசிக்கொள்வதையே நாம் துவர்ப்பாக உணர்கிறோம். இந்த உரசல் மிகும்போது மென்மையான மணம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. மணமூட்டிய தேயிலையைக் காய்ச்சுவதில் நாம் செய்யக்கூடிய முதன்மையான வேலை, மணத்தை வெளியே விட்டுத் துவர்ப்பை உள்ளேயே நிறுத்துவதுதான். அது இயலக்கூடியதே. மேற்பரப்பு மணமும் உமாமி தரும் தியானின் போன்ற அமினோ அமிலங்களும் மிதமான சூட்டிலேயே விரைந்து இறங்கிவிடுகின்றன. கசப்பும் துவர்ப்பும் மிக்க கேட்டகின்கள் என்ற பாலிஃபீனால்கள் கூடுதல் சூட்டையும் நேரத்தையும் கேட்கின்றன. மல்லிகை ஏற்றிய பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி நீரில் இரண்டு, மூன்று நிமிடங்கள் போதும் என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை. கறுப்புத் தேயிலையில் கேட்டகின்களில் பெரும்பகுதி ஏற்கெனவே தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறமிகளாக மாறியிருக்கும் என்பதால் அது கொதிநீரைத் தாங்கும். உதகை போன்ற 2,240 மீட்டர் உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அங்கே கறுப்புத் தேயிலைக்கு அரை நிமிடம் கூட்டிக்கொடுக்கலாம். இலை முழுதாக இருக்கும்போது இவ்வளவு அவகாசம் கிடைக்கிறது. டஸ்ட் டீயில் பரப்பு மிகுதி என்பதால் எல்லாமே ஒரே நேரத்தில் கொட்டிவிடும்.

சுவைத்து ஒப்பிடுவதற்கு ஐஎஸ்ஓ 3103 என்ற பன்னாட்டுத் தரமே உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஆறு நிமிடம். இதன் முன்னோடியான ஆறு பக்கப் பிரிட்டிஷ் தரத்துக்கு 1999இல் கேலிக்குரிய இக் நோபல் பரிசு கிடைத்தது. கேலி செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இனிய தேநீர் தயாரிப்பது அத்தரத்தின் நோக்கமன்று. இலையின் குற்றங்குறைகள் எல்லாம் வெளிவருமாறு ஒரே அளவில் வாட்டிப் பார்ப்பதே நோக்கம். வீட்டில் ஆறு நிமிடம் வேண்டியதில்லை, ஆனால் அளவை மாற்றாமல் ஒப்பிடும் ஒழுங்கைக் கடன் வாங்கலாம். மணமூட்டிய தேயிலையோடு, அதே வகையைச் சேர்ந்த மணமூட்டாத தேயிலையையும் பக்கத்தில் போட்டுக் குடித்துப் பார்ப்பது மிகுந்த பயன் தரும். வாசனையின் மறைவில் பழைய, தட்டையான இலை ஒளிந்திருந்தால் அது அப்போது தெரிந்துவிடும். குன்னூர், கொழும்பு ஏல நிலையங்களுக்காகச் சுவைப்பவர்கள் கரண்டியிலிருந்து ஓசையோடு உறிஞ்சுவது அநாகரிகமன்று. காற்றோடு சேர்த்து உறிஞ்சும்போது தேநீர் நுண்துளிகளாகச் சிதறி மணத்தை மூக்குக்கு அள்ளிக் கொடுக்கிறது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் குடிப்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக வகைப்படுத்தியது. அவ்வளவு சூட்டில் நுணுக்கமான சுவையும் பிடிபடாது என்பதால் சற்று ஆறவிடுவது இரு வகையிலும் நன்று. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு சில நிமிடங்களில் மரத்துவிடும்; இடையில் எழுந்து வேறு காற்றைச் சுவாசித்துவிட்டு வர வேண்டும்.

பால் சேர்ப்பதில் மட்டும் நான் கண்டிப்பானவன். பாலின் கேசின் புரதம் பாலிஃபீனால்களைக் கட்டிப்போடுவதால் துவர்ப்பு தணிகிறது, உண்மைதான். ஆனால் மண மூலக்கூறுகள் பெரும்பாலும் நீரைவிடக் கொழுப்பில் எளிதாகக் கரைபவை. பாலின் கொழுப்பில் தங்கிவிட்டால் அவை ஆவியாகி மூக்கை எட்டுவது குறைந்துவிடுகிறது. ஏலக்காயும் இஞ்சியும் அந்தத் தடையை மீறி வரும் வலிமை கொண்டவை. மல்லிகையும் தாமரையும் அப்படியல்ல. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரும் இதுபோன்ற இடையூறுதான். அதிலுள்ள கால்சியம் தேயிலையின் பாலிஃபீனால்களோடு சேர்ந்து மேலே பழுப்பு ஏடாகப் படிந்து தேநீரை மங்கலாக்குகிறது. வடிகட்டிய நீரிலோ மழைநீரிலோ போட்டுப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

குடித்து முடித்த இலையை உடனே கொட்டிவிட வேண்டாம். அதே இலையில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றி, முதல் முறையைவிட அரை நிமிடம் கூட்டி ஊறவையுங்கள். எண்ணெய் தெளித்த இலை தன் மணத்தின் பெரும்பங்கை முதல் கோப்பையிலேயே கொடுத்துவிட்டு, இப்போது வெறும் தேநீராக நிற்கும். பல இரவுகள் பூவோடு கிடந்த இலையில் இரண்டாம் கோப்பையிலும், நல்ல தரமாயின் மூன்றாவதிலும் மல்லிகை மெலிதாகத் தொடர்ந்து வரும்.