பேக்பெஞ்சர்: பின்வரிசை உறுப்பினர்

நம் பள்ளிக்கூடங்களில் கடைசி பெஞ்சுக்கு 'மாப்பிள்ளை பெஞ்ச்' என்று பெயர். அந்த நினைப்போடு பிரிட்டன் அரசியலைப் படித்தால், 'பேக்பெஞ்சர்' என்பவர் சபையில் தூங்கி வழிகிற எம்.பி. என்றுதான் தோன்றும். உண்மைப் பொருள் வேறு; அதற்கேற்ற தமிழ்ச் சொல்லும் வேண்டும்.

இந்தச் சொல்லில் வருவது நிஜமான பெஞ்சுதான். பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான லண்டன் காமன்ஸ் சபையில் ஆளுக்கொரு நாற்காலி கிடையாது. பச்சைத் தோல் போர்த்திய நீள பெஞ்சுகள் எதிரெதிராக வரிசை கட்டி நிற்கும். சபாநாயகருக்கு வலது பக்க முன் பெஞ்சில் அமைச்சர்கள், அதற்கு நேர் எதிரே எதிர்க்கட்சியின் முக்கியப் புள்ளிகள். அவர்களுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் எல்லாருமே பேக்பெஞ்சர்கள். பொறுப்பில் இல்லாதவர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

பொறுப்பில் இல்லாதவர் என்ன சாதிக்க முடியும்? விக்டோரியா காலத்து சாமுவேல் பிளிம்சாலைப் பாருங்கள். நிலக்கரி வியாபாரி, 1868 முதல் 1880 வரை டெர்பி தொகுதியின் லிபரல் உறுப்பினர், ஒருநாளும் அமைச்சராக இருந்ததில்லை. அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய ஓட்டைக் கப்பல்கள் மாலுமிகளோடு மூழ்கும். முதலாளிக்கோ காப்பீட்டுப் பணம் வந்துவிடும். மக்கள் அவற்றைச் 'சவப்பெட்டிக் கப்பல்' என்றே அழைத்தார்கள். இதைத் தடுக்கத்தான் பிளிம்சால் ஆண்டுக்கணக்கில் போராடினார்.

1875 ஜூலை 22 அன்று, இதற்காக வந்த கப்பல் மசோதாவைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் கொதித்துப்போனார். சபையிலேயே சிலரை 'அயோக்கியர்கள்' என்றார். சபாநாயகர் கேட்டும் அந்த வார்த்தையைத் திரும்பப் பெறவில்லை. ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்டார், சரி. ஆனால் அதற்குள் ஊரே அவர் பக்கம் திரண்டுவிட்டது. அந்த ஆண்டே அவசரமாக ஒரு சட்டம் வந்தது. 1876 சட்டம் கப்பலில் சுமைக்கோடு, அதாவது இதற்கு மேல் தண்ணீரில் அமிழும்படி சரக்கேற்றக் கூடாது என்று காட்டும் கோடு, போடுவதைக் கட்டாயமாக்கியது. அதை எந்த உயரத்தில் போடுவது என்பது மட்டும் முதலாளி இஷ்டத்துக்கு விடப்பட்டது. அந்த ஓட்டையை அடைக்க 1890 வரை ஆனது.

இன்றும் துறைமுகத்தில் நிற்கிற சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் பாருங்கள்: ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. அதுதான் பிளிம்சால் கோடு. வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். பக்கத்திலேயே ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள்: நன்னீருக்கு ஒன்று, வெப்பக் கடலுக்கு ஒன்று, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் வேறு.

இப்படிப்பட்டவரைக் 'கடைசி பெஞ்சுக்காரர்' என்று எழுத எனக்கு மனம் வராது. 'பின்னிருக்கை உறுப்பினர்' என்றால் காரின் பின் சீட்டுதான் ஞாபகம் வருகிறது. அங்கே இருப்பவை பெஞ்சு வரிசைகள் என்பதால், பின்வரிசை உறுப்பினர் என்பதே பொருத்தம். இதற்கு இன்னொரு வசதியும் உண்டு: முன் பெஞ்சில் இருப்பவரை முன்வரிசை உறுப்பினர் என்று சொல்லிவிடலாம். அப்புறம், மேலவையான பிரபுக்கள் சபையில் எந்தக் கட்சியையும் சேராமல் குறுக்கே உட்காருகிறவர் குறுக்குவரிசை உறுப்பினர்.